சம்பந்தி வீட்டுக் கதிர்க்குருவி

நவம்பர் 26

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். குறை சொல்வதற்குத் தெம்பு இருக்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

நாம் இருவரும் இனி ஃபோனில் பேசக் கூடாது என்று பிள்ளைகள் சட்டம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. போன தடவை நாம் பேசியது பக்கத்துச் செருப்புக் கடை வரைக்கும் கேட்டதாம். "எதுவா இருந்தாலும் லெட்டர் போடும்மா. எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பே" என்கிறாள் என் மகள். அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, எனக்குக் காரியம் ஆக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

விஷயம் குருவி பற்றி. கல்யாணத்தில் நாம் சண்டை போடாமல் பேசிய ஒரே பேச்சு அதுதான், ஞாபகம் இருக்கும். கறுப்புத் தொப்பி வைத்த அந்தக் கதிர்க்குருவி கோடையில் உங்கள் வடக்கில் கூடு கட்டும். குளிர் வந்தால் இறங்கி எங்கள் தெற்குக்கு வரும். எங்கள் நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற புதர்க்காடுதான் அதற்குக் குளிர்கால வீடு. என் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறப்பதற்கு முன் விடியற்காலையில் போய், மெல்லிய வலை கட்டி, பிடித்து, வலது காலில் வளையம் போட்டு விட்டுவிடுவேன். வளையம் போடுகிற ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பச்சை. எத்தனையோ வருஷமாக என் பச்சை வளையக்காரர்கள் தவறாமல் திரும்பி வருகிறார்கள்.

இந்த வருஷம் வரவில்லை. அக்டோபர் கடைசியில் தலையைக் காட்டிய நாலைந்தும் இரண்டு நாள் இருந்துவிட்டுக் காணாமல் போயின. இங்கே குளிர்கால மழையும் ஒரு சொட்டு இல்லை.

குடிநீர் வாரியம் அந்த இடத்தைச் சமப்படுத்தித் தண்ணீர் லாரி நிறுத்தப் போகிறது. நான் நடையாய் நடந்து ஒரு வாக்கு வாங்கியிருக்கிறேன். பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் இருபது தொப்பிக்காரர்களைக் காட்டிவிட்டால் புதர்க்காட்டைத் தொடமாட்டார்கள். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் லாரிதான். வாரியத்து ஆள் கூடவே நின்று எண்ணுவார். அந்த ஒரு மணி நேரமும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

அதனால் கேட்கிறேன்: உங்கள் ஊரிலிருந்து குருவிகள் கிளம்பினவா இல்லையா? அதை மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார். எங்கள் வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த எல்லாக் குழாயையும் சரிசெய்துவிட்டார். வாரியத்திலும் அவருக்கு நல்ல பெயர். உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறேன்.


டிசம்பர் 5

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருக்கிற விதியை நீங்கள் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று பார்க்கவாவது ஒரு நாள் அங்கே வர வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கிளம்பவில்லை. இதோ, இதை எழுதும்போதே என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூன்று தொப்பிக்காரர்கள் உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிடுகிறார்கள். பாதியாக வெட்டிய ஆப்பிளை ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன். கொழுப்பில் தானியம் கலந்து பிடித்த கட்டியும் உண்டு. நான் இரண்டு வேளை சாப்பிடுகிறேன், அவர்கள் ஐந்து வேளை.

இங்கே இப்போதெல்லாம் குளிர் என்கிற பேச்சே இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் டிசம்பர் வந்தால் தெருவுக்கு ஒரு குழாய் உறைந்து வெடிக்கும். எங்கள் தொழிலுக்கு அதுதான் அறுவடை. இப்போது குழாய் வேலைக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். குருவியும் பார்த்திருக்கும். இவ்வளவு தூரம் பறந்து சம்பந்தி அம்மாவின் வலையில் மாட்டுவானேன், இங்கேயே சௌகரியமாக இருக்கிறதே என்று தங்கிவிட்டது.

இன்னொன்று. மூன்றில் ஒருவர் வலது காலில் வளையம் போட்டிருக்கிறார். பச்சை. உங்களுடையவர்தான். கொழுகொழுவென்று இருக்கிறார்.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது சாப்பாடு ருசியாக இருக்கிற இன்னொரு வீட்டில் போய் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். எனக்கு இருப்பது ஒரே பையன். ஆறு மாதம் உங்கள் ஊரில் வேலை பார்த்துவிட்டு மருமகளோடு இங்கே வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனான். வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டான். போகட்டும், கணக்கு நேராகிவிட்டது. பையன் உங்களிடம், குருவி என்னிடம்.

இப்படிக்கு,
சம்பந்தி


டிசம்பர் 12

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை என் மகள் இரண்டு தடவை பிடுங்கி ஒளித்து வைத்தாள். மூன்றாம் தடவைதான் முழுவதும் படிக்க முடிந்தது.

உங்கள் பையனை நான் கட்டிப்போடவில்லை. அவருக்குக் கால் இருக்கிறது, ரயில் இருக்கிறது, லீவும் இருக்கிறது. "அப்பா கூப்பிட்டா போவேன், அவர் கூப்பிடவே மாட்டேங்கிறாரே" என்கிறார். நீங்கள் கூப்பிட்டீர்களா? ஃபோன் செய்தால் "அங்கேயே இரு, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்களாம். அதற்குப் பெயர் கூப்பிடுவதா?

ஆனால் என் குருவிகளை நீங்கள் ஆப்பிள் காட்டிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கையும் களவுமாக, அதுவும் நீங்களே எழுதிய கடிதத்தில் மாட்டிக்கொண்டீர்கள். நான் இங்கே வாரியத்துப் படியேறி இருபது குருவிக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு விழிக்கிறேன். நீங்கள் அங்கே விருந்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அது வெறும் லாரி விவகாரமில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தப் புதர்க்காடுதான் எழுப்பிவிட்டது. அங்கே லாரி நின்றால் விடியற்காலையில் நான் எங்கே போவேன்? இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆகவே தயவுசெய்து ஆப்பிளை நிறுத்துங்கள். கொழுப்புக் கட்டியையும் எடுத்துவிடுங்கள். தீனி இல்லாவிட்டால் அவை தாமாகத் தெற்கே பார்த்துக் கிளம்பும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி

பி.கு. ஸ்வெட்டர் கிடைத்ததா இல்லையா? கிடைத்தால் ஒரு வார்த்தை எழுதுவது உலக வழக்கம்.


டிசம்பர் 21

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியைப் படித்தேன். என் வீட்டுக்காரி போன பிறகு நானும் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது என்ன மாதிரிக் காலை என்று தெரியும்.

அதனால் முயற்சி செய்தேன். ஆப்பிளை நிறுத்த மனசு வரவில்லை, விரட்டிப் பார்த்தேன். காலையில் தோட்டத்தில் நின்று, வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி, "தெற்கே போங்கய்யா, தெற்கே! சம்பந்தி அம்மா தேடுறாங்க!" என்று கத்தினேன். குருவிகள் பறந்தன. வடக்குப் பக்க வேலியில் போய் உட்கார்ந்தன. நான் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போய் விரட்டினேன். கூரைக்குப் போய்விட்டன. கூரைமேல் துண்டை எறிந்தேன், துண்டு அங்கேயே தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சார், மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். மானம் கப்பலேறிவிட்டது. அரைமணி கழித்துக் குருவிகள் திரும்பி வந்து ஆப்பிள் சாப்பிட்டன. பச்சை வளையக்காரர்தான் முதல் பந்தி.

இனிமேல் முடியாது. காரணம் என் பிடிவாதம் இல்லை. ரேடியோவில் உறைபனி வரும் என்கிறார்கள். இத்தனை வருஷமாக வராத குளிர் இந்த வருஷம் வருமாம். பட்டினி போட்டு இவற்றை இப்போது கிளப்பினால் பாதி வழியில் விழுந்துவிடும். உங்கள் கணக்குக்கும் வராது, என் ஜன்னலுக்கும் வராது. வெயிலை நம்பித் தங்கிவிட்டவர்களைக் குளிர் வருகிற நேரத்தில் கைவிட என்னால் முடியாது. என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள்.

ஸ்வெட்டர் கிடைத்தது. அளவு கச்சிதம். நிறமும் பிரமாதம். உங்கள் குருவியின் வளையமும் அதே பச்சைதான். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஜன்னலருகே கையை நீட்டி, இரண்டையும் ஒத்துப்பார்த்தேன். அச்சு அசல். எனக்கும் வளையம் போட்டுவிட்டீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


டிசம்பர் 29

அன்புள்ள சம்பந்திக்கு,

துண்டு விஷயத்தைப் படித்து நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். உறைபனி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆப்பிளை நிறுத்தாதீர்கள். நான் கேட்டதே தப்பு.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள்.

நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் பச்சை இல்லை. சிவப்பு. நல்ல கருஞ்சிவப்பு. அந்த நூல்கண்டின் மிச்சம் இப்போது என் மடியில்தான் கிடக்கிறது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இது என்ன நிறம்?" என்று கேட்டேன். "சிவப்பு அத்தை" என்றார். "உங்கப்பா பச்சைங்கிறாரே?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பரிசோதிக்கிறவள் நான். கல்யாணத்தில் நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், எனக்குத் தெரியவில்லை. அது என் தொழிலுக்கே அவமானம்.

சம்பந்தி, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது. பலருக்கு அப்படித்தான். வாரத்துக்கு ஒருவர் என் கடைக்கு வருகிறார், வருத்தப்பட ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டு அந்தக் குருவியின் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு என்று அவர் சொன்னால் அது என்னுடையது இல்லை. சிவப்பு வளையம் போடுகிறவர் உங்களுக்கும் எவ்வளவோ வடக்கே இருக்கிறார். அப்படியென்றால் உங்கள் ஜன்னலில் இருப்பது கோடையில் உங்கள் தோட்டத்தில் பாடியவர்களே இல்லை. மேலே இருந்து இறங்கி வந்த வெளியூர்க்காரர்கள். உங்கள் ஊர் இப்போது அவர்களுக்குத் தெற்கு ஆகிவிட்டது.

உங்கள்மேல் போட்ட திருட்டுப் பழியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் எனக்கு இப்போது முன்னைவிட பயமாக இருக்கிறது. உங்களிடம் இருக்கிறார்கள் என்றபோது கோபமாவது இருந்தது. உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை என்றால் அவர்கள் எங்கே?

போன தடவை மழை பொய்த்த வருஷத்திலும் தவறாமல் வந்தார்கள். சுற்றிலும் காய்ந்து கிடந்தபோதுகூட நீரேற்று நிலையத்துச் சுவரோரம் மட்டும் புதர் பச்சைப்பசேலென்று இருக்கும். காலை வைத்தால் செருப்பு ஒட்டும். கொசுவும் பூச்சியும் மொய்க்கும், குருவிகளுக்கு அங்கேதான் சாப்பாடு. இந்த வருஷம் அந்த மூலையும் வெடித்துக் கிடக்கிறது. இலை தொட்டால் உதிர்கிறது.

கண்டக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


ஜனவரி 7

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கண்டக்டர் சிவப்பு என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று தபால்காரரையும் நிறுத்திக் கேட்டேன். அவரும் சிவப்பு என்றார்.

சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். வீட்டுக்காரிக்குத் தெரியும், பையனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் சொன்னதில்லை. அவள் இருந்தவரை என் சட்டையை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அப்புறம் பையன். "அப்பா, இது பழுக்கலை, வைங்க", "அப்பா, அது சிவப்பு, நில்லுங்க." நான் கேட்க வேண்டியதே இல்லை, அவனாகச் சொல்லிவிடுவான். அவன் கல்யாணமாகிப் போனபோது எல்லோரும் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்றுதான் விசாரித்தார்கள். நிறத்துக்கு என்ன செய்வீர்கள் என்று யாருக்கும் கேட்கத் தெரியாதே. இப்போது ஆப்பிளைக் கடித்துத்தான் பழமா காயா என்று தெரிந்துகொள்கிறேன். அவனைத் திரும்பி வா என்று கூப்பிட வாய் வரவில்லை. நிறம் சொல்ல ஆளில்லை, வாடா என்று எப்படிக் கூப்பிடுவது? அதனால்தான் உங்களிடம் சண்டை போட்டேன். அது சுலபமாக இருந்தது.

உறைபனி வந்துவிட்டது. நான்கு நாளாகத் தோட்டத்துக் குழாய் கல்லாக நிற்கிறது. முந்தாநாள் காலையில் ஒரு தொப்பிக்காரர் பெஞ்சுக்கு அடியில் விறைத்துக் கிடந்தார். வளையம் இல்லாதவர். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பூந்தொட்டியில் புதைத்தேன். அறுபத்தேழு வயசில் ஒரு குருவிக்காக அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். மற்றவர்களுக்கு மணிக்கொரு தரம் வெந்நீர் வைக்கிறேன். கண்டக்டரும் இப்போது என் கட்சி. தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஆப்பிள் நறுக்குகிறார்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் என் கண்ணைக் கடிதத்திலேயே பரிசோதித்துவிட்டீர்கள். நானும் கடிதத்திலேயே ஒரு குழாயைப் பரிசோதிக்கிறேன்.

மழை பெய்யாத வருஷத்திலும் சுவரோரம் ஈரம் இருந்தது என்கிறீர்கள். மழையில்லாமல் ஈரம் இருந்தால் அது இயற்கை இல்லை சம்பந்தி, கசிவு. நாற்பது வருஷம் அதைத் தேடித்தான் சோறு தின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய தொட்டி இருக்கும். அதன் உபரிநீர்க் குழாய் ஏதோ ஒரு இணைப்பில் காலங்காலமாகச் சொட்டிக்கொண்டிருந்திருக்கும். உங்கள் புதர்க்காடு அதைக் குடித்துத்தான் வளர்ந்திருக்கிறது. இந்த வருஷம் அது நின்றிருக்கிறது. தானாக நிற்கிற கசிவை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாரியத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தது யார்? நல்ல பெயர் வாங்கியது யார்? ராத்திரியில் எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து போய் அதை நிறுத்தாமல் படுக்க முடியாதவன் யார்? என் பையனை உட்காரவைத்து, அந்தக் கசிவை அடைத்தது அவன்தானா என்று கேளுங்கள். அவன் நான் வளர்த்த பிள்ளை. எனக்குப் பதில் தெரியும்.

அன்புடன்,
சம்பந்தி


ஜனவரி 16

அன்புள்ள சம்பந்திக்கு,

கேட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செப்டம்பர்ல அடைச்சேன் அத்தை. அதுக்குத்தான் சர்டிஃபிகேட் கொடுத்தாங்க" என்றார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டிவைத்திருந்தோம். நானேதான் ஆணி அடித்தேன். இத்தனை மாதமாகக் குற்றவாளியைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு உங்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் சரிபண்ணணுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பாவமாக இருந்தது. கல்யாணத்தன்று குடும்பப் போட்டோ எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைக் காணவில்லை என்று மண்டபம் முழுக்கத் தேடியது நினைவுக்கு வந்தது. கை கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒழுகலை நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். அதை நான் இந்த நிமிஷம் வரை மன்னிக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்பதில் எனக்கு இனிச் சந்தேகமே இல்லை.

மறுநாள் அவர் மேலதிகாரியிடம் போய், சுவரோரம் சிறு கசிவு விட அனுமதி கேட்டிருக்கிறார். அதிகாரி இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நிறுத்தினதுக்குத்தானே சர்டிஃபிகேட் கொடுத்தோம்? இப்ப நீங்களே ஒழுக விடணும்ங்கிறீங்க. அப்ப அதைத் திருப்பிக் கொடுங்க" என்றாராம். வேடிக்கைக்குச் சொல்லியிருப்பார். இவர் வீட்டுக்கு ஓடிவந்து சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிட்டார். அதிகாரி சிரித்து, கணக்கெடுப்பு வரைக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் பாருங்கள், உங்கள் பையனுக்கு அடைக்கத்தான் தெரிகிறது, கசிய விடத் தெரியவில்லை. முதல் நாள் திறந்தது வெள்ளமாகிவிட்டது. புதர்க்காட்டில் நான் உட்காரும் ஸ்டூல் மிதந்தது. அடுத்த நாள் பயந்துபோய் இறுக்கியதில் ஒரு சொட்டுகூட வரவில்லை. "அளவா ஒழுக விடுறது அப்பாவுக்குத்தான் வரும்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

ஒரு நல்ல சேதி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சாக்கடையோரம் இரண்டு பச்சை வளையங்களைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறார்கள், ஆனால் இருக்கிறார்கள். இங்கே ஈரம் பிடித்துப் பூச்சி வந்தால் திரும்பி வருவார்கள். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

சம்பந்தி, நான் கூப்பிடுகிறேன். ரோஷம் பார்க்காமல் கிளம்பி வாருங்கள். மாடி அறை தயார். குழாய் ஒன்றுகூட ஒழுகாது, அதனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அன்புடன்,
சம்பந்தி

பி.கு. இந்தத் தடவை போட்டோ எடுப்போம். நிற்க வேண்டும்.


ஜனவரி 24

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஒழுகலை நிறுத்த யாரும் கற்றுக்கொள்ளலாம். அளவாக ஒழுகவைக்க அனுபவம் வேண்டும். அதைக் கடிதத்தில் எழுத வராது. வாஷரைப் பாதி தேய்த்து, விரலால் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்த்து, இப்படித்தான். பையனை எதையும் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இங்கே பனி விடவில்லை. இந்த வெளியூர்க்காரர்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஒரு வாரம் தவித்தேன். கண்டக்டர் சாவியை வாங்கிக்கொண்டார். "சார், நீங்க நிம்மதியாப் போங்க. உங்க ஆளுங்களை ஒருத்தர் விடாம நான் ஏத்திக்கிறேன்" என்றார். சிவப்பு வளையக்காரரிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை ரயில். என் ஸ்பேனர் பையும் உங்கள் சிவப்பு ஸ்வெட்டரும் மட்டும்தான் மூட்டை. பையனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். அவனை நானே ஃபோனில் கூப்பிடுகிறேன். சட்டம் நம் இருவருக்கு மட்டும்தானே?

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி, மூன்றாம் ஞாயிறு. புதர்க்காடு. கண்ணாடிக் கடைச் சீட்டுகளின் பின்புறம்

சம்பந்தி அம்மா, பேசக் கூடாது என்பதால் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். சீட்டைப் பையன் கொண்டுவந்து கொடுப்பான். உண்மையிலேயே நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நம்ப முடியவில்லை. எவ்வளவு ஆயிற்று?

—

பத்தொன்பது. கால் மணிதான் பாக்கி. வாரியத்து ஆள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நீங்கள் இருமுவதை நிறுத்துங்கள்.

—

சுவரோரம், நம் குழாய்க்கு நேர் மேலே, இரண்டாவது கிளை. இலைக்குப் பின்னால் தொப்பி தெரிகிறது. சொட்டுகிற இடத்துக்கு இறங்குகிறார். வலது காலில் வளையம். இந்தத் தடவை நானாக எதையும் சொல்லமாட்டேன். பையனிடமும் கேட்கவில்லை. என்ன நிறம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

—

பச்சை, சம்பந்தி. வாரியத்து ஆள் பார்த்துவிட்டார், எழுதிக்கொண்டார். மூக்கை உறிஞ்சாதீர்கள், பறந்துவிடும்.